கால் மாறி மாறி நொண்டுகிறது, மூக்கில் ரத்தம்: எலும்பா, ரத்தமா, நரம்பா?

கன்னி_மேலூர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் கன்னி இன வேட்டை நாய், பெண், நாலு வயது. போன வாரம் இடது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். முள் ஏறியிருக்கும் என்று பாதத்தை விரித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அது தானாகச் சரியாகி, அடுத்து வலது பின்னங்காலில் நொண்டல் ஆரம்பித்தது. காலையில் எழுந்திருக்க ரொம்பச் சிரமப்படுகிறாள், கொஞ்சம் நடந்தால் பரவாயில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. உடம்பு சுடுகிறது. பக்கத்து ஊர் கிளினிக்கில் வலி ஊசி போட்டு, கால்சியம் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஊசி போட்ட அன்று நன்றாக இருந்தாள், மறுபடி அதே கதை.

நேற்று ராத்திரி அவள் படுத்திருந்த சாக்கில் ரத்தப் பொட்டுகள். இடது மூக்கிலிருந்து சொட்டியிருக்கிறது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறது, மழைக்குப் பிறகு தோட்டத்தில் எப்போதும் இருப்பதுதான். இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார் ஒருவர். எடுக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

எக்ஸ்ரே அப்புறம். இன்றைக்கே ரத்தம் எடுங்கள்.

அடிபட்ட கால் இடம் மாறி மாறி நொண்டாது. ஒரு கால் சரியாகி இன்னொரு கால் பிடித்துக்கொள்கிறது, கூடவே காய்ச்சல், மூக்கில் ரத்தம், காது நிறைய உண்ணி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எர்லிகியா. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் முக்கியமான கிருமி. பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது அதன் எச்சில் வழியாக உள்ளே போய், ரத்த வெள்ளணுக்களில் மோனோசைட் என்ற வகைக்குள் குடியேறுகிறது. அதை எதிர்க்க உடம்பு எதிர்ப்புப் பொருளைக் கொட்டித் தீர்க்கிறது. அந்த எதிர்ப்புப் பொருளும் கிருமியின் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டு மூட்டுகளில் போய்ப் படியும்போது மூட்டு வீங்குகிறது. அதனால்தான் இன்று முழங்கால், நாளை மணிக்கட்டு. எலும்பில் ஒன்றும் இருக்காது. கால்சியம் கொடுத்து ஒரு பயனும் இல்லை.

கேட்க வேண்டிய பரிசோதனை: முழு ரத்த எண்ணிக்கை, அதில் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் எவ்வளவு. கூடவே ரத்தப் பூச்சு, அதாவது கண்ணாடியில் ஒரு சொட்டைத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர். காது மடல் ஓரத்தில் குத்தி எடுக்கும் சொட்டில் கிருமி கண்ணில் படும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதையும் கேட்டுப் பாருங்கள். சிறுநீரகம், ஈரல் அளவுகளையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அதுவரை வலி மாத்திரை எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது. நாய்க்கென்றே வரும் வலி மருந்தும் இப்போது வேண்டாம். ரத்தம் உறையாத நாய்க்கு வயிற்றிலும் ரத்தம் கசிய இவையே போதும். மறுபடி மூக்கில் வழிந்தால் துணியில் ஐஸ் சுற்றி மூக்குத் தண்டின் மேல் வையுங்கள், துள்ளவிடாமல் படுக்க வையுங்கள். மூக்குக்குள் பஞ்சைத் திணிக்க வேண்டாம், தும்மினால் இன்னும் கிழியும்.

தெருநாய்_அக்கா_ஆவடி எழுதியது:

டாக்டர் சொன்னது சரிதான், ஆனால் ஒரு கேள்வி. நாங்கள் பார்ப்பது தெரு நாய்கள். காய்ச்சல், சோர்வு, உண்ணி மூன்றும் இருந்தால் நேராக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்துவிடுகிறோம். பாதிக்கு மேல் எழுந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தப் பரிசோதனை என்றால் அந்தப் பணத்தில் ஒரு மாதச் சோறு போட்டுவிடலாம். மருந்து வேலை செய்யும்போது பரிசோதனை எதற்கு?

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

அக்கா, கையில் காசு இல்லாதபோது நீங்கள் செய்வதில் தப்பு சொல்ல மாட்டேன். எழாமல் போன மீதி நாய்களைப் பற்றித்தான் என் கவலை.

அதே உண்ணிக் கூட்டம் கொண்டுவரும் இன்னொரு கிருமி பபீசியா. இது சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். டாக்ஸிசைக்ளின் மட்டும் கொடுத்தால் பபீசியா போகாது. நம் பக்கம் இரண்டு வகை. பெரிய வகைக்கு இமிடோகார்ப் ஊசி கேட்கும். சின்ன வகையான பபீசியா கிப்ஸோனிக்கு அந்த ஊசி சரியாகக் கேட்காது. அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள், விலையும் அதிகம். இந்தச் சின்ன வகை நமக்குப் புதிதில்லை. உலகத்துக்கே இதை முதலில் சொன்னது நம் ஊரிலிருந்துதான். பேட்டன் என்ற ஆராய்ச்சியாளர் மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் பார்த்து 1910-ல் எழுதினார், அப்புறம் நரியின் ரத்தத்திலும் கண்டார். நூறு வருடத்துக்கு மேலாக நம் நாய்களோடேயே இருக்கிறது.

பணம் இல்லாவிட்டாலும் கண்ணால் பார்க்கக் கூடியது இருக்கிறது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்துக் காகிதம்போல் இருக்கிறதா, மஞ்சள் தட்டுகிறதா? சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா? இரண்டும் இருந்தால் பபீசியா பக்கம் சாயுங்கள், உடனே ஒரு ஸ்மியராவது போடுங்கள். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், கண் வெள்ளையில் ரத்தத் திட்டு என்றால் எர்லிகியா பக்கம். ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்து வருவதும் சகஜம். டாக்ஸி கொடுத்து மூன்று நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால், வேறு எதையோ தவறவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடித்துச் சண்டை போடும் நாய்களுக்குள் பபீசியா கிப்ஸோனி ரத்தம் வழியாக நேரடியாகவே பரவும். உண்ணியே இல்லாத நாய்க்கும் வரும்.

புதுசு_ஓசூர் எழுதியது:

உண்ணியைத் தின்றாலும் நோய் வருமா? எங்கள் நாய் உடம்பைக் கடித்துக் கடித்து உண்ணியை எடுத்து விழுங்குகிறது.

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

வரும். ஹெபட்டோசூன் என்ற கிருமி அப்படித்தான் வருகிறது, உண்ணி கடித்து இல்லை, நாய் உண்ணியைக் கடித்து. இதையும் முதலில் கண்டது இந்தியாவில்தான், 1905-ல். பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வேறு நோய் வந்து உடம்பு தளரும்போது தலைதூக்கும், அப்போது உடல் இளைத்து நடக்கவே தயங்கும்.

கன்னி_மேலூர் எழுதியது:

ரிசல்ட் வந்துவிட்டது. பிளேட்லெட் 38,000. ஸ்மியரில் எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கிட் டெஸ்டில் எர்லிகியா பாசிட்டிவ். ஆனால் அங்கே இருந்த இன்னொரு டாக்டர், வேட்டை நாய்களுக்குப் பிளேட்லெட் இயல்பாகவே குறைவு, கிட் டெஸ்ட் பழைய நோயையும் காட்டும், பயப்படாதீர்கள் என்றார். எதை எடுத்துக்கொள்வது?

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

அவர் சொன்ன இரண்டும் உண்மை, உங்கள் நாய்க்குத்தான் பொருந்தாது. கிரேஹவுண்ட் மாதிரி வேட்டை நாய்களுக்குப் பிளேட்லெட் மற்ற நாய்களைவிடக் குறைவாக இருப்பது தெரிந்ததுதான். பொதுவாக நாய்க்கு 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கும், கிரேஹவுண்டுக்கு ஒன்றரை லட்சம் என்றாலும் கவலைப்பட மாட்டோம். 38,000 எந்த இனத்துக்கும் இயல்பு இல்லை. கிட் டெஸ்ட் பார்ப்பது கிருமியை இல்லை, அதற்கு எதிராக உடம்பு தயாரித்த பொருளை. அது குணமான பிறகும் பல மாதம், சில நாய்களில் வருடக்கணக்கில் தங்கும். நோய் தொடங்கிய முதல் ஓரிரு வாரத்தில் நெகட்டிவ் என்றும் வரும். அதனால் கிட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, நாயோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உங்கள் நாய்க்கு மூக்கில் ரத்தம், காய்ச்சல், மூட்டு வலி, குறைந்த பிளேட்லெட் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஸ்மியரில் தெரியாதது பெரிய விஷயம் இல்லை, எர்லிகியா அதில் அபூர்வமாகத்தான் படும்.

டாக்ஸிசைக்ளின் 28 நாள். சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுப்பாள். இரண்டு மூன்று நாளிலேயே எழுந்து வாலாட்டுவாள், அங்கேதான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் கிருமி மண்ணீரலில் ஒளிந்துகொண்டு, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தின்னும் கட்டத்தில் திரும்பி வரும். அந்தக் கட்டத்தில் வெள்ளணு, சிவப்பணு, பிளேட்லெட் மூன்றும் சரிந்துவிடும், காப்பாற்றுவது மிகக் கஷ்டம். 1960-களின் கடைசியில் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க ராணுவ நாய்கள் இருநூறுக்கும் மேல் இப்படித்தான் மூக்கில் ரத்தம் வழிந்து செத்தன. மருந்து முடிந்ததும் பிளேட்லெட்டை ஒரு முறை, சில வாரம் கழித்து இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

தெருநாய்_அக்கா_ஆவடி எழுதியது:

இதே இழையில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், காரணம் கால் இழுத்தால் எல்லோரும் உண்ணி என்கிறார்கள் அல்லது வெறி என்கிறார்கள். நடுவில் இருக்கும் இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு குட்டி. முதலில் கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, வயிற்றுப்போக்கு. ஒரு வழியாகத் தேறிவிட்டது என்று நினைத்த நேரத்தில், வாய் மட்டும் சூயிங்கம் மெல்வதுபோல் மெல்ல ஆரம்பித்தது, எச்சில் நுரை தள்ளியது. அப்புறம் ஒரு முன்னங்கால் துடிப்பு. கடிகார முள் மாதிரி ஒரே சீராக, விடாமல். தூங்கும்போதும் அந்தக் கால் துடித்துக்கொண்டே இருந்தது. பாதத்துப் பஞ்சைத் தொட்டால் காய்ந்த தோல்போல் கெட்டியாக இருந்தது, மூக்கின் நுனியும் அப்படியே. வெறி பிடித்துவிட்டது, அடித்துவிடலாம் என்று தெருவில் நாலு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். தனி அறையில் அடைத்து டாக்டரைக் காட்டின பிறகுதான் நம்பினார்கள்.

இந்தக் குட்டி பிழைத்தது. ஃபிட்ஸுக்கு மாத்திரை போகிறது, கால் இன்னும் துடிக்கிறது, ஆனால் தானாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது. துடிப்பைப் பார்த்ததும் கருணைக்கொலை என்று ஓடாதீர்கள். நாய்க்குச் சாப்பிட ஆசை இருக்கிறதா, நம்மைத் தெரிகிறதா, அதைப் பாருங்கள். ஃபிட்ஸ் அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நினைவே திரும்பாவிட்டால் அது வேறு, அப்போது அதைத் துன்பப்படவிடக் கூடாது.

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

அக்கா எழுதியதில் ஒவ்வொரு அடையாளமும் சரி. டிஸ்டெம்பர் மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸின் உறவு. முதலில் மூச்சு, குடல், அப்புறம் மூளையும் தண்டுவடமும். நாய் தேறிய மாதிரி இருந்து சில வாரம் கழித்தும் நரம்பைத் தாக்கும். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. நீர்ச்சத்து, சாப்பாடு, ஃபிட்ஸ் மருந்து, இரண்டாம் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். தடுப்பூசி போடாத நாய்க்கு நரம்புக் கோளாறு என்றால், டிஸ்டெம்பர் என்று உறுதியாகும் வரை அதை ரேபிஸ் சந்தேகமாகத்தான் நடத்த வேண்டும். ரேபிஸ் என்றால் பாய்ந்து கடிக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமைதியான வகை உண்டு: தாடை தொங்கும், விழுங்க முடியாது, எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நல்ல மனசோடு வாய்க்குள் கைவிடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கைவிடாதீர்கள். எச்சில் காயத்தில் பட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். தெரு நாய்களோடு தினமும் இருப்பவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், அக்கா நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் என்றால் அறிகுறி தொடங்கிப் பத்து நாளுக்குள் நாய் இறந்துவிடும். டிஸ்டெம்பர் வாரக்கணக்கில் இழுக்கும்.

புதுசு_ஓசூர் எழுதியது:

எங்கள் குட்டிக்கு ஏழாவது வாரத்தில் செவன் இன் ஒன் என்ற கூட்டுத் தடுப்பூசி ஒன்று போட்டாயிற்று. அது போதும்தானே?

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியையும் சேர்த்து அழித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈற்றிலேயே மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும்வரை போடுகிறோம். கடைசி ஊசிதான் பல குட்டிகளுக்கு உண்மையில் பிடிக்கிறது. அதை விட்டவர்களின் நாய்தான் எட்டு மாதத்தில் டிஸ்டெம்பரோடு வருகிறது. ரேபிஸ் ஊசி இதில் சேராது, அதைத் தனியாகப் போட வேண்டும்.

லேப்_திருச்சி எழுதியது:

எங்கள் கதை வேறு மாதிரி, ஆனால் அதுவும் கால் இழுப்பில்தான் தெரிந்தது. ஆறு வயது லேப்ரடார், ஆண். காரில் ஏறமாட்டேன் என்றது, தூக்கினால் அலறியது. முதுகுத்தண்டை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரே இடத்தில் துள்ளியது. ஒரு கிளினிக்கில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று ஸ்டீராய்டு போட்டார்கள். முதலில் நன்றாகவும் அப்புறம் முன்பைவிட மோசமாகவும் ஆனது, காய்ச்சலும் வந்தது. வேறு இடத்தில் எடுத்த இரண்டாவது எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது, இரண்டு எலும்பின் விளிம்பும் எதிரெதிரே அரித்திருந்தன. டிஸ்கோஸ்பாண்டிலைட்டிஸ் என்றார்கள். ரத்தத்தில் எங்கிருந்தோ வந்த பாக்டீரியா முதுகெலும்பு இடைத்தட்டில் உட்கார்ந்துவிட்டதாம். சிறுநீரை கல்ச்சர் போட்டதில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்ததில், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. செஃபாலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் மாதக்கணக்கில் போனது. இப்போது மாடிப்படி ஏறுகிறது.

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

முக்கியமான பதிவு. இந்த நோயில் எக்ஸ்ரே நோய்க்குப் பின்னால் இரண்டு மூன்று வாரம் தாமதமாகத்தான் வரும். முதல் படம் நார்மல் என்றால் நோய் இல்லை என்று ஆகாது. காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்திருக்கும்போது ஸ்டீராய்டு போடும் முன் சிறுநீர், ரத்தம் இரண்டையும் கல்ச்சருக்கு அனுப்புங்கள். இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் நாய் என்றால் புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாவுக்கான பரிசோதனையும் அவசியம். அதுவும் முதுகெலும்பில் போய் உட்காரும், கருச்சிதைவு உண்டாக்கும், மனிதருக்கும் தொற்றும்.

பூனைக்கூட்டம்_நாகர்கோவில் எழுதியது:

நாய் இழையில் பூனை ஆள் நுழைவதற்கு மன்னிக்கவும். பூனைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நாய் மருந்தைப் பூனைக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நாய்க்கு முதுகில் ஊற்றும் உண்ணி மருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் மேல் பட்டால் உடம்பெல்லாம் உதறி ஃபிட்ஸ் வரும், செத்தும் போகும். நாய்க்குப் போட்டுவிட்டு ஈரம் காயும் முன் பூனை அதன்மேல் படுத்தாலும் ஆபத்துதான். நரம்பு நோய் என்று தூக்கி வரும் பூனைகளில் இந்த விஷமும் உண்டு, மேலே என்ன ஊற்றினீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பாராசிட்டமால் பூனைக்கு ஒரே மாத்திரையில் உயிரை எடுக்கும்.

டாக்ஸிசைக்ளின் பூனைக்கும் கொடுப்பார்கள், ரத்தத்தில் ஹீமோபிளாஸ்மா என்ற கிருமி வந்து ஈறு வெளுத்தால் அதுதான் மருந்து. ஆனால் மாத்திரையை உலர்வாக விழுங்கவைக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, குழாயே சுருங்கிவிடும். பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஒரு வயதுகூட ஆகாத பூனை இளைத்துக்கொண்டே போய், விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்து, நடக்கும்போது பின்பக்கம் ஆடி, கருவிழியின் நிறம் மங்கினால் எஃப்ஐபி என்ற பூனை வைரஸ் நோயை நினையுங்கள். வயிற்றில் நீர் கோக்காத உலர் வகை இப்படித்தான் கண்ணையும் மூளையையும் பிடிக்கும். சில வருடம் முன்புவரை இது மரண தண்டனை. ஜிஎஸ்-441524 என்ற மருந்து வந்த பிறகு பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. வழக்கமாக 84 நாள், நரம்பைத் தாக்கியிருந்தால் டோஸ் அதிகம். எடை கூடக்கூட டோஸையும் கூட்ட வேண்டும், அதனால் வாரம் ஒரு முறை எடை போடுங்கள்.

திடீரென்று அலறி இரண்டு பின்னங்காலும் விழுந்துவிட்டால், பாதம் ஜில்லென்று இருந்தால், அது தொற்று இல்லை. இதயத்திலிருந்து ரத்தக் கட்டி வந்து ரத்தக் குழாயை அடைத்திருக்கிறது. மணிக்கணக்கில் யோசிக்காதீர்கள், ஓடுங்கள்.

மாடிவீடு_பல்லாவரம் எழுதியது:

மருந்து எல்லாம் சரி, வீட்டில் இருக்கும் உண்ணியை என்ன செய்வது? நாய்க்கு உண்ணி மாத்திரை கொடுத்தும் தினமும் சுவரில் ஏறுகின்றன. கட்டிலை நகர்த்தினால் சுவரும் தரையும் சேரும் விரிசலில் மிளகு மிளகாக உட்கார்ந்திருக்கின்றன, திரைச்சீலையின் மேல் மடிப்பிலும் இருக்கின்றன.

தெருநாய்_அக்கா_ஆவடி எழுதியது:

நாயின் மேல் பார்ப்பது கொஞ்சம், வீட்டில் இருப்பதுதான் அதிகம். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். குஞ்சு, இளசு, பெரிசு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முறை நாய்மேல் ஏறி இறங்கும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் ஒரு மாத மாத்திரையோடு முடியாது. நாய்க்கு மாத்திரையை இடைவெளி இல்லாமல் தொடருங்கள், ஃபிட்ஸ் வரும் நாய் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லி மருந்தைத் தேர்ந்தெடுங்கள். விரிசலை சிமென்ட் வைத்து அடையுங்கள், கீழ்ப்பலகை, கதவு நிலை, கூண்டின் மூட்டு இங்கெல்லாம் மருந்து அடித்து இரண்டு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள். அடிக்கும்போது நாயும் பூனையும் வெளியே. நாயின் படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வேண்டாம், நாயின் தோல்தான் புண்ணாகும். எடுத்ததை விரலால் நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுங்கள். எர்லிகியா பரவ உண்ணி சில மணி நேரம் ஒட்டியிருந்தாலே போதும், அதனால் ஞாயிற்றுக்கிழமை குளிக்கவைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தினமும் சாயங்காலம் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் கைவைத்துப் பாருங்கள்.

கன்னி_மேலூர் எழுதியது:

டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இன்று காய்ச்சல் இல்லை, சோறு முழுசாகச் சாப்பிட்டாள். ஒரு சந்தேகம், பிளேட்லெட் இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமா? நாய்க்கு ரத்தம் எங்கே கிடைக்கும்?

கால்நடை_டாக்டர்_உடுமலை எழுதியது:

பிளேட்லெட் எண்ணிக்கைக்காக மட்டும் ஏற்ற மாட்டோம், ஏற்றிய பிளேட்லெட் நிற்காது. சிவப்பணு ரொம்பக் குறைந்து ஈறு வெளுத்து மூச்சு வாங்கினால்தான் ஏற்றுவோம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்கு ரத்த வங்கி இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் கொடையாளி நாயை நாமேதான் கூட்டிப் போக வேண்டும். 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயதுக்குள், தடுப்பூசி எல்லாம் போட்ட, உண்ணி நோய் இல்லை என்று ரத்தம் பார்த்துத் தெரிந்த நாய் வேண்டும். அதைப் பார்க்காமல் ஏற்றினால் பபீசியாவையும் சேர்த்து ஏற்றிவிடுவோம். முதல் தடவை பெரிய ஒவ்வாமை வருவது அரிது, இருந்தாலும் இரண்டு ரத்தமும் சேருமா என்று பார்த்துவிட்டே ஏற்றுவது நல்லது. பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது, முதல் தடவையே வகை பார்க்காமல் ஏற்றவே கூடாது.

லேப்_திருச்சி எழுதியது:

எங்கள் லேப் மருந்தில் இருந்ததால் கொடுக்க முடியாது. அண்ணன் வீட்டில் 32 கிலோவில் ஒரு ராஜபாளையம் இருக்கிறது, மூன்று வயது, தடுப்பூசி அட்டை கையில் இருக்கிறது. இந்த வாரமே உண்ணி நோய்க்கு ரத்தம் பார்த்து வைத்துவிடச் சொல்கிறேன். மேலூருக்கு இரண்டு மணி நேரம்தான், தேவைப்பட்டால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், ராத்திரியானாலும் கூட்டி வருகிறோம்.